கல்லில் உட்கார்ந்தவள்

அத்தியாயம் ஒன்பது

பெட்டி இன்னும் கூடத்தின் நடுவில்தான் கிடந்தது.

எந்தப் பெட்டி என்று போன வாரம் படித்தவர்களுக்குத் தெரியும். படிக்காதவர்களுக்காகச் சொல்கிறேன், மற்றவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். கண்ணாடிக்கடையில் காலமெல்லாம் நின்று, ஊரில் பாதிப் பேர் மூக்கில் கண்ணாடியை ஏற்றிவிட்டு, கண்ணாடியம்மா என்றே பெயர் வாங்கிய நம் அம்மாள் வேலையிலிருந்து ஓய்வு பெற்றாள். கடையில் எல்லோரும் சேர்ந்து சக்கரம் வைத்த நீலப் பெட்டி ஒன்றைப் பரிசாகக் கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்து அதைத் திறந்து, மூடி, தள்ளிப் பார்த்துவிட்டு, மகள் முன்னால் ஒரு குண்டைத் தூக்கிப் போட்டாள்.

"நான் மலை ஏரிக்குப் போறேன். தனியா."

அன்றிலிருந்து அம்மாவும் மகளும் பெட்டியைச் சுற்றித்தான் நடக்கிறார்கள். எடுத்து உள்ளே வைத்தால் தோற்றுப்போனதாக ஆகிவிடும் என்று அம்மா தொடவில்லை. எடுத்துக் கொடுத்தால் சம்மதித்ததாக ஆகிவிடும் என்று மகளும் தொடவில்லை.

மலை ஏரி என்றால் அந்த வீட்டில் வெறும் ஏரி இல்லை. இரண்டு வருஷத்துக்கு முன் காலமான கண்ணாடியம்மாவின் கணவர் சுற்றுலா வழிகாட்டி. சீசன் முழுக்க, வண்டி நிறைய ஆட்களை அந்த ஏரிக்குக் கூட்டிப்போய், படியேற்றி, இறக்கி, தலையெண்ணித் திரும்பக் கொண்டுவந்து சேர்த்தவர். ஊரையெல்லாம் கூட்டிப்போனவர் கட்டிய மனைவியைக் கூட்டிப்போகவில்லை. சீசனில் வேலை இருக்கும். சீசன் முடிந்தால் பனிமூட்டத்துக்குப் பயந்து மலைப்பாதையை மூடிவிடுவார்கள்.

"கஸ்டமர் யாரும் இல்லாம, நான் சும்மா இருக்கும்போது, நாம ரெண்டு பேர் மட்டும் போலாம்," என்பார். அவர் சும்மா இருக்கவே இல்லை. சும்மா இருக்க ஆரம்பித்தபோது ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்தார்.

இன்று மகளுக்கு விடுமுறை. அவள் ஆம்புலன்ஸ் கட்டுப்பாட்டு அறையில் போன் எடுப்பவள். மாடிப்படியில் உருண்டவர், குளியலறையில் வழுக்கியவர், பஸ்ஸிலிருந்து இறங்கும்போது கால் பிசகியவர் என்று நாளெல்லாம் அவள் காதில் விழுவது இதுதான். அப்படிப்பட்ட காதுக்குத் தனியாக என்ற சொல் எப்படிக் கேட்கும்? அம்மா மொட்டை மாடிக்குத் துணி காயப்போடப் போனாலே கீழே நின்று குரல் கொடுப்பாள்.

"அம்மா, சண்டை போட எனக்குத் தெம்பு இல்ல," என்று டீயை நீட்டினாள். "பாதையை மூடுறதுக்கு முன்னாடி இன்னும் ஒரே ஒரு பஸ்தான் போகுதாம். சீட்டு போடறதா இருந்தா இன்னைக்கே போடணும். மூணு வழி இருக்கு. ஒண்ணு, அத்தைகூடப் போ. ரெண்டு, குடைக்காரரு உனக்குன்னு தனியா கைடா வரேன்னு சொல்றாரு, அவரோட போ. மூணு..."

"ம், மூணு?"

"போகாத."

"அதெல்லாம் ஒரு வழியாடி?"

"நீ சொல்ற வழிக்கு அது எவ்வளவோ தேவலாம்."

"உங்க அப்பா கூட்டிட்டுப் போன ஜனமெல்லாம் கை கால் முழுசாத்தான் திரும்பி வந்தாங்க."

"அவங்ககூட அப்பா இருந்தாரும்மா."

கண்ணாடியம்மா டீயை ஊதினாள். அது ஏற்கெனவே ஆறிப்போயிருந்தது.

"சரி, ஏன் தனியா? ஒரே ஒரு காரணம் சொல்லு. சரியா இருந்தா நானே சீட்டு போடறேன்."

"நாம ரெண்டு பேர் மட்டும்னு அவர் சொன்னாரு. அதுல ஒருத்தர் போயிட்டா மிச்சம் ஒருத்தர்தானே? மூணாவது ஆள் எங்கேருந்து வரும்?"

மகள் தலையாட்டிவிட்டுத் தன் டீயைக் குடித்தாள். ஆனால் சீட்டு போடவில்லை. காரணம் சரியாக இருந்தால் மட்டும் பயம் போய்விடுமா?

வாசல் மணி அடித்தது.

வந்தது பாப்பா. ஐம்பதைத் தாண்டியும் அவளுக்குப் பெயர் பாப்பாதான். கண்ணாடியம்மாவுக்கு நாத்தனார், கணவரின் ஒரே தங்கை, மருந்துக்கடையில் மாத்திரை எடுத்துக் கொடுக்கும் வேலை, அடுத்த தெருவில் தனிக் குடித்தனம். போன வாரமே, "அண்ணி, நானும் வரேன்," என்று சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டு போனவள், இன்று கையில் பையோடு வந்திருந்தாள்.

"என்ன பை?" என்றாள் கண்ணாடியம்மா.

"ஒண்ணுமில்ல அண்ணி. வாந்திக்கு மாத்திரை, கால் வலிக்குத் தைலம், ஒரு ஸ்வெட்டர்."

"யாருக்கு வாந்தி?"

"மலைப்பாதை இல்லையா? யாருக்கு வேணா வரலாம்."

"நீ வரல பாப்பா."

"நான் எங்க வரேன்னு சொன்னேன்? பைதான் வந்திருக்கு," என்று பாப்பா பையைப் பெட்டியின் மேல் வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்துகொண்டாள். கூட்டிப்போகும் வரை எழுந்திருக்கப்போவதில்லை என்பது அவள் உட்கார்ந்த விதத்திலேயே தெரிந்தது.

கொஞ்ச நேரத்தில் குடைக்காரரும் வந்து சேர்ந்தார். மகள்தான் வரச் சொல்லியிருந்தாள். வெயிலானாலும் மழையானாலும் மடக்கிய சிவப்புக் குடை ஒன்றைத் தலைக்கு மேல் உயர்த்திப் பிடித்துக்கொண்டு, பின்னால் கூட்டத்தை இழுத்துப்போகிறவர் என்பதால் அந்தப் பெயர். கண்ணாடியம்மாவின் கணவரிடம் உதவியாளாக இருந்து, அவர் போனபின் அந்த வண்டியையும் அந்த வேலையையும் அப்படியே ஏற்றுக்கொண்டவர். நாற்பதைத் தாண்டிய பிரம்மச்சாரி.

"மாஸ்டரம்மா, உங்களைக் கூட்டிட்டுப் போறது என் பாக்கியம்," என்றார். "வேற கஸ்டமர் யாரும் கிடையாது. நீங்க எங்க நிக்கச் சொல்றீங்களோ அங்க வண்டி நிக்கும். மாஸ்டர் என்ன சொல்வாரோ ஒரு வார்த்தை குறையாம நான் சொல்லிட்டு வருவேன்."

"அவர் சொல்றது எல்லாம் உனக்கு மனப்பாடமா?"

"தூக்கத்துல எழுப்பிக் கேளுங்க."

"எங்க, சொல்லுங்களேன்," என்றாள் மகள், சின்னப் பெண்ணைப்போல.

குடைக்காரர் எழுந்து நின்றார். சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். குடையை உயர்த்தினார். அப்புறம் அவர் செய்ததைப் பார்த்துக் கண்ணாடியம்மா டீயைக் கீழே வைத்தாள். அவர்கள் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, பின்பக்கமாக நடக்கத் தொடங்கினார்.

கணவரின் நடை அது. வழிகாட்டி கூட்டத்துக்கு முதுகைக் காட்டக் கூடாது, யாருக்கு மூச்சு வாங்குகிறது, யார் முகம் வெளுக்கிறது என்று பார்த்துக்கொண்டே போகவேண்டும் என்பார். பழக்கம் விடாமல் வீட்டுத் தெருவிலும் அப்படித்தான் நடப்பார். கல்யாணமான புதிதில் மார்க்கெட்டுக்குப் போகும்போது, அவர் அவள் முகத்தைப் பார்த்தபடி பின்பக்கமாக நடந்து போக, தெருவே சிரிக்கும். "முன்னாடி பாத்து நடங்களேன், மானம் போகுது!" என்று அவள் திட்டுவாள். "முன்னாடி பாக்க என்ன இருக்கு?" என்பார். எவ்வளவு நல்ல நாட்கள் அவை! அப்போது அது நல்ல நாள் என்று யார் கண்டார்கள், வெயிலும் பைக் கனமும்தான் தெரிந்தது.

"வாங்க வாங்க, இன்னும் பத்தே படிதான்," என்றார் குடைக்காரர். குரல் அவருடையதுதான். ஆனால் சொல்லை நிறுத்துகிற இடம், இழுக்கிற இடம், செருமுகிற இடம்கூட மாஸ்டருடையது. "பத்துன்னு நேத்தும் ஒருத்தர்கிட்ட சொன்னேன். அவர் இன்னும் எண்ணிட்டே இருக்காரு."

மகள் கைதட்டிச் சிரித்தாள். அடுத்த வரியை அவளே சொன்னாள். அதற்கடுத்ததையும். சின்ன வயதில் அவளுக்குத் தூங்கும் நேரக் கதை இதுதான். அப்பா சுற்றுலாப் பேச்சை மெதுவாகச் சொல்லச் சொல்ல, மனதுக்குள் படியேறிக்கொண்டே போவாள். உச்சிக்குப் போய்ச் சேர்வதற்குள் தூங்கிவிடுவாள். அதனால் படிவரைக்கும்தான் அவளுக்குத் தெரியும்.

கண்ணாடியம்மாவுக்கும் தெரியும். வேலையில் சேர்ந்த புதிதில் அவர் ஒத்திகை பார்த்தது இந்தக் கூடத்தில்தான். கேட்க இருந்த ஒரே கூட்டம் அவள்தான். அதற்குப் பின், மகளைத் தூங்கவைக்கச் சொன்ன படிகளைத் தவிர, அவர் அந்தப் பேச்சை வீட்டில் எடுத்ததில்லை. ஊர் ஊராகப் பேசித் தொண்டை கட்டித் திரும்புகிறவருக்கு வீட்டில் பேசக் குரல் மிச்சம் இருக்காது. சைகையிலேயே சோறு கேட்பார், சைகையிலேயே போதும் என்பார்.

குடைக்காரர் உற்சாகத்தில் இரண்டு எட்டு அதிகமாகப் பின்னால் வைத்துவிட்டார். நீலப் பெட்டி தடுக்கியது. குடை ஒரு பக்கம், பாப்பாவின் பை ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம். மகள் பாய்ந்து போய், "அசையாதீங்க! எங்க வலிக்குது? விரலை மடக்கிக் காட்டுங்க!" என்றாள். தொழில் புத்தி எங்கே போகும்?

"ஒண்ணும் இல்லம்மா," என்று அவர் எழுந்து, வெட்கத்தை மறைக்க அதையே பேச்சில் சேர்த்துக்கொண்டார். "நல்லதாப் போச்சு. இந்தப் பெட்டியைத்தான் கல்லுன்னு வச்சுக்கோங்க. உச்சியில ஏரியைப் பாத்த மாதிரி தட்டையா ஒரு கல்லு இருக்கும். எல்லாரும் மூச்சு வாங்கிட்டு நிப்பாங்க. அப்போதான் மாஸ்டர் இதைச் சொல்லுவாரு." குரலைத் தாழ்த்தினார். "இந்தக் கல்லைப் பாருங்க. என் பொண்டாட்டியை முதல்முதலா இங்க கூட்டிட்டு வந்தப்போ இதுலதான் உக்காந்தா. ரொம்ப நேரம் ஏரியையே பாத்தா. அப்புறம் என்னைப் பாத்துச் சொன்னா, 'இனிமே நான் திரும்பிப் போறதா இல்ல'. நான் பயந்துட்டேன். வண்டியில ஏத்திட்டு வர்றதுக்குள்ள போதும் போதும்னு ஆயிடுச்சு. அதனால சொல்றேன், யாரும் இதுல ரொம்ப நேரம் உக்காராதீங்க!"

சொல்லி முடித்துச் சிரித்தவர், யார் முன்னால் சொல்கிறோம் என்பது உறைக்க, நாக்கைக் கடித்துக்கொண்டார். "தப்பா எடுத்துக்காதீங்க மாஸ்டரம்மா. எனக்குப் பொண்டாட்டியே கிடையாது. ஆனா இதுல ஒரு வார்த்தை மாத்தினாலும் ஜனம் சிரிக்க மாட்டேங்குது. அதான் அப்படியே சொல்லிட்டிருக்கேன்."

மகள் அம்மா பக்கம் திரும்பினாள். கண்கள் விரிந்திருந்தன.

"அப்பா உன்னைக் கூட்டிட்டுப் போயிருக்காரா? இத்தனை வருஷம் சொல்லவே இல்லையே நீ!"

அந்தக் கூடத்தில் கண்ணாடியம்மா நின்ற நிலையை நான் எப்படிச் சொல்வது? இல்லை என்று சொன்னால், ஊரெல்லாம் பொய் சொல்லித் திரிந்தவர் ஆகிவிடுவார் அவர். அதுவாவது பரவாயில்லை. பொய்யாக இல்லாவிட்டால்? அந்தக் கல்லில் உட்கார்ந்த பெண் யார் என்ற கேள்வி வரும். வந்தேவிட்டது, அவள் மனதுக்குள் மட்டும். எதிரே அவரைத் தெய்வமாக நினைக்கிற ஆள், பக்கத்தில் அவர் பெற்ற பெண்.

"ம்," என்றாள். "போயிருக்கேன். ஒரே ஒரு தடவை, கூட்டத்தோட கூட்டமா. நீ பொறக்கறதுக்கு முன்னாடி."

"அப்படின்னா அது உனக்குத் தெரிஞ்ச இடமா?" மகளின் முகம் மலர்ந்தது. "முதல்லயே சொல்லித் தொலைச்சிருக்கலாமேம்மா! தெரியாத இடத்துல படியேறி விழப்போறன்னுதானே நான் பயந்தேன்! அப்பாகூட உக்காந்த இடத்துல மறுபடி போய்த் தனியா உக்காரணும்னு நினைக்கறே. இதை வாயைத் திறந்து சொன்னா நான் வேணாம்னா சொல்லப்போறேன்?" சொல்லும்போதே அவள் கண் கலங்கிவிட்டது. "போயிட்டு வா. தனியாவே போ. இப்பவே சீட்டு போடறேன்."

வாதாடிக் கிடைக்காதது ஒரு பொய்யில் கிடைத்துவிட்டது. கிடைத்தது வேண்டியிருக்கிறதா என்று மட்டும் கண்ணாடியம்மாவுக்குத் தெரியவில்லை. குடைக்காரரிடம், "நீ தப்பா நினைக்காத. உன் வாயில அவர் பேசிட்டே வந்தா, நான் உன்னைப் பாத்துட்டிருப்பேன், ஏரியைப் பாக்க மாட்டேன்," என்றாள். அவருக்குப் புரிந்தது. தொப்பியைக் கையில் பிடிப்பதுபோலக் குடையை மார்போடு பிடித்துக்கொண்டு விடைபெற்றார்.

அவள் சமையலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றாள். கணவர்மேல் கோபம் கோபமாக வந்தது. செத்தவர்மேல் கோபப்படுவதைப்போல வீண் வேலை வேறு இல்லை. எதிர்த்துப் பேசவும் மாட்டார், சமாதானத்துக்கும் வரமாட்டார். சீசன், மூடிய பாதை, நாம ரெண்டு பேர் மட்டும்... எல்லாமே அவளை வீட்டில் உட்கார வைக்கச் சொன்ன சாக்குத்தானா?

"அண்ணி, தண்ணி வீணாப் போகுது."

பாப்பா சமையலறை வாசலில் நின்றாள். உள்ளே வந்து குழாயை மூடினாள்.

"எதுக்கு அண்ணி பொய் சொன்னீங்க?"

"என்ன பொய்?"

"நீங்க போகல. எனக்குத் தெரியும்." பாப்பா ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். "அந்தக் கல்லுல உக்காந்தது நான்."

கண்ணாடியம்மா அவளையே பார்த்தாள்.

"என் புருஷன் வீட்டை விட்டு வந்தேனே, அந்த வருஷம். காலையில பையைத் தூக்கிட்டு பஸ் ஸ்டாண்டுல நிக்கறேன். எங்க போறதுன்னே தெரியல. அண்ணன் அங்க வண்டியில ஆளுங்களை ஏத்திட்டு இருந்தாரு. என்னைப் பாத்தாரு, பையைப் பாத்தாரு. ஏன் எதுக்குன்னு ஒரு வார்த்தை கேக்கல. 'ஏறு'ன்னாரு. யாரோ வராம ஒரு இடம் காலியா இருந்துச்சு. அங்க போய் அந்தக் கல்லுல உக்காந்துதான் சொன்னேன், 'இனிமே நான் திரும்பிப் போறதா இல்ல'ன்னு. ஏரியைப் பாத்து மயங்கிப்போய்ச் சொன்னது இல்ல அண்ணி. அவன் வீட்டைச் சொன்னேன்."

"எங்க வீட்டுக்கு நீ வந்தது அன்னைக்குச் சாயங்காலமா?"

"ஆமா. நீங்கதான் கதவைத் திறந்தீங்க. முதல்ல சாப்பிடுன்னீங்க. யார்கிட்டயும் சொல்லாதண்ணான்னு நான்தான் சத்தியம் வாங்கியிருந்தேன். மனசுல வச்சுக்க முடியாம அதைக் கூட்டத்துகிட்ட சொல்லியிருக்காரு பாருங்க! பின்னாடி ஒருநாள் நானே கேட்டேன், 'என் கதையை எதுக்குண்ணா அண்ணி தலையில கட்டினே'ன்னு. 'தங்கச்சின்னா ஏன் அழுதா, என்ன ஆச்சுன்னு ஆளாளுக்குக் கேப்பாங்க. பொண்டாட்டின்னா சிரிச்சிட்டுப் போயிடுவாங்க'ன்னாரு."

கண்ணாடியம்மாவுக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. அவர் ஏமாற்றவில்லை. ஆனால் இத்தனை வருஷம் அவளை எத்தனையோ பேர் அந்தக் கல்லில் பார்த்திருக்கிறார்கள், அவள் ஒருத்தியைத் தவிர. அந்த வலி மட்டும் போகவில்லை. எதிரே நிற்பவள்மேல் பொறாமைகூட வந்தது. அழுதுகொண்டு பஸ் ஸ்டாண்டில் நின்றவள்மேல் பொறாமைப்படுகிறோமே என்று வெட்கமாகவும் இருந்தது.

"இதைச் சொல்லத்தான் கூட வரேன்னு நின்னியா?"

"இதுக்கு மட்டும் இல்ல. அன்னைக்கு அந்தக் கல்லுகிட்ட வச்சு அண்ணன் உங்களைப் பத்தி ஒண்ணு சொன்னாரு."

"என்ன சொன்னாரு?"

"இங்க சொல்ல மாட்டேன். குழாயடியில சொல்ற விஷயம் இல்ல அது. கூட்டிட்டுப் போங்க, அங்க வந்து சொல்றேன்."

"இதுக்குப் பேரு வழிப்பறி பாப்பா."

"என்ன பேரு வேணா வச்சுக்கோங்க."

கூடத்திலிருந்து மகளின் குரல் கேட்டது. "அம்மா! ஜன்னல் சீட்டு ஒண்ணு இருக்கு. உன் ஒருத்திக்குத்தானே? போட்டுடட்டுமா?"

கண்ணாடியம்மா பாப்பாவைப் பார்த்தாள். கேட்டது கிடைத்துவிட்டது; சரி என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். பாப்பா அண்ணியின் முகத்தைப் பார்க்காமல், காய்ந்துபோன கையை மறுபடி மறுபடி துடைத்துக்கொண்டு நின்றாள். அவளும்தான் அந்த மனுஷனைப் பறிகொடுத்தவள் என்பது கண்ணாடியம்மாவுக்கு அப்போதுதான் உறைத்தது. துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லாம் பெண்டாட்டியிடம் கேட்டார்கள், பெண்ணிடம் கேட்டார்கள். தங்கையிடம் யார் கேட்டார்கள்?

"அம்மா, என்ன, போடவா?"

"ரெண்டு போடு," என்றாள் கண்ணாடியம்மா. "அத்தையும் வரா."

மகள் போனும் கையுமாக ஓடி வந்தாள். "என்னம்மா இது, நேத்துவரைக்கும் தனியா தனியான்னு தலைகீழா நின்ன! உனக்குத்தான் அது தெரிஞ்ச இடமாச்சே, துணை எதுக்கு?"

"தெரியாத இடம்னா தனியா போயிடலாம்டி. அது தெரிஞ்ச இடமாப் போச்சே."

மகளுக்குப் புரியவில்லை. பாப்பாவுக்குப் புரிந்துவிட்டது. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள். கண்ணாடியம்மா அதைப் பார்க்காதவள்போல அடுப்பைத் துடைத்தாள். பார்த்தால் தானும் அழவேண்டியிருக்கும், மகள் விடமாட்டாள், ஒவ்வொன்றாகக் கேட்பாள்.

"பக்கத்துப் பக்கத்துல இடம் இருக்கும்மா. போட்டுடவா?"

"வேணாம். தள்ளித் தள்ளிப் போடு," என்றாள். "போய்ச் சேர்ற வரைக்கும் இவகிட்ட நான் பேசறதா இல்ல."